ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் வீட்டுக் கணக்கில் என்ன செய்கின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்குப் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதி வருகிறேன். மாதம் இரண்டு கூட்டம். சந்தா வசூல், கடன் தவணை எல்லாம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் கேள்விகள் வரும். "கார்டுல பாப்பா பேரைச் சேர்க்கணும்கா, எங்க போறது?" "காப்பீட்டு அட்டை அந்த ஆஸ்பத்திரியில செல்லுமா?" இப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டுத் திட்டங்களைப் பற்றியவை. காப்பீட்டு அட்டை என்று சொல்வது முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையை.

எங்கள் கடன் பதிவேட்டில் "கடன் வாங்கும் காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. பழைய பதிவேடுகளையும் சேர்த்துப் புரட்டிப் பார்த்தேன். "அரிசி வாங்க" என்று ஒருவர்கூட எழுதவில்லை. பக்கத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் "வைத்தியச் செலவு" இருக்கிறது. அரசின் உணவுக் கொள்கையும் மருத்துவக் கொள்கையும் ஒரு வீட்டை எப்படித் தொடுகின்றன என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தக் கட்டம்தான்.

ரேஷன் பொருளால் ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு மிச்சமாகிறது?

நான்கு பேர் உள்ள அரிசி கார்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். அரிசி 20 கிலோ, விலையில்லை. வெளியில் சாதாரண அரிசி கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 800 ரூபாய். துவரம் பருப்பு ஒரு கிலோ ரேஷனில் 30 ரூபாய். மளிகைக் கடையில் 120 என்று வைத்தால் 90 மிச்சம். பாமாயில் ஒரு பாக்கெட் 25 ரூபாய். வெளியில் 110 என்றால் 85. சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ வீதம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய்; வெளி விலை 45 என்றால் 40 மிச்சம். கூட்டினால் 1,015 ரூபாய் வருகிறது. கடை விலை ஏறினால் இந்த மிச்சமும் ஏறும், ஏனென்றால் ரேஷன் விலை அப்படியே நிற்கிறது. பருப்பு கிலோ 180, 200 என்று போன காலங்களில் அந்த ஒரு கிலோவை நம்பித்தான் பல வீடுகளில் சாம்பார் கொதித்தது.

மாதம் 40,000 வருகிற வீட்டில் இந்த ஆயிரம் பெரிதாகத் தெரியாது. 12,000 வருகிற வீட்டில் அது மாத வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மாதக் கடைசி வாரத்தில் கைமாற்று கேட்டு அடுத்த வீட்டு வாசலில் நிற்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்கிற தொகை அது.

எங்கள் கார்டுக்கு 20 கிலோதான் போடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்கு 30 கிலோ. ஏன்?

கார்டின் வகை வேறாக இருக்கும். ஸ்மார்ட் கார்டில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். ஆளுக்கு 5 கிலோ கணக்கு, எனவே ஆறு பேர் என்றால் 30 கிலோ. ஏ.ஏ.ஒய். என்பது அந்தியோதயா, மிகவும் நலிந்த குடும்பங்களுக்கானது, வீட்டுக்கு 35 கிலோ, சர்க்கரையும் கிலோ 13.50 ரூபாய்தான். என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமையற்ற குடும்பம். எத்தனை பேர் இருந்தாலும் அதிகபட்சம் 20 கிலோ. என்.பி.எச்.எச்.-எஸ் சர்க்கரை கார்டு. அதற்கு அரிசி இல்லை, கூடுதல் சர்க்கரை உண்டு.

திருமணமான மகனும் மருமகளும் தனியாகச் சமைக்கிறார்கள் என்றால் தனிக் கார்டுக்கு விண்ணப்பிப்பது நியாயமானது. ஆறு பேர் ஒரே என்.பி.எச்.எச். கார்டில் இருந்தால் 20 கிலோவோடு நின்றுவிடும். ஆனால் பேரைப் பிரிக்கும்போது காப்பீட்டையும் யோசியுங்கள். காப்பீட்டு அட்டையில் யார் யார் என்பதற்கு ரேஷன் கார்டுதான் ஆதாரம். பழைய கார்டிலிருந்து பேரை எடுத்துவிட்டுப் புதுக் கார்டு வருவதற்குள் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் சிக்கல்.

இது மத்திய அரசு அரிசியா, மாநில அரசு அரிசியா?

இரண்டும் கலந்தது. தேர்தல் நேரத்தில் ஆளாளுக்கு உரிமை கொண்டாடுவதால் குழப்பம் வருகிறது.

1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று கார்டுகளைப் பிரித்தபோது, தமிழ்நாடு பிரிக்கவில்லை. எல்லோருக்கும் ரேஷன் என்பதே தொடர்ந்தது. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூன் 1 முதல் விலையில்லா அரிசி. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாடு உடனே சேரவில்லை. 2016 நவம்பர் 1 முதல்தான் சேர்ந்தது. சேராவிட்டால் வறுமைக் கோட்டுக்கு மேற்பட்டோர் கணக்கில் வரும் அரிசியின் விலையை 8.30 ரூபாயிலிருந்து 22.54 ரூபாய்க்கு ஏற்றுவோம் என்று மத்திய அரசு சொன்னதே அதற்குக் காரணம். அந்தச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 3.64 கோடி பேர் வருகிறார்கள், மக்கள் தொகையில் ஏறக்குறைய பாதி. மீதிப் பேரின் அரிசிக்கு மாநில அரசு தன் பணத்தைப் போடுகிறது. பருப்பு, பாமாயில் மானியமும் 2007இல் தொடங்கிய மாநிலத்தின் சிறப்புப் பொது விநியோகத் திட்டம்தான்.

பிரிக்காமல் விட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஏழை யார் என்று தேடிப் பட்டியல் போட்ட இடங்களில் எல்லாம், பட்டியலில் விட்டுப்போனவர்கள் பெரும்பாலும் ஏழைகளாகவே இருப்பார்கள். அலைந்து சான்று வாங்க நேரமும் ஆளும் இல்லாதவர்கள் அவர்கள்தான்.

அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறதாமே? கழுவும்போது மிதக்கிறது.

பிளாஸ்டிக் இல்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவத்திலேயே பிழிந்தெடுத்து, நூறு மணிக்கு ஒரு மணி வீதம் கலக்கிறார்கள். பார்க்கக் கொஞ்சம் மஞ்சளாக, வேறு மாதிரி இருக்கும், சிலது மிதக்கும். எங்கள் குழுவில் ஒரு அக்கா முறத்தில் போட்டு அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காக்காய்க்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே ரத்தசோகை, சத்து மாத்திரை சாப்பிடுகிறவர். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பொறுக்கிப் போடாதீர்கள். தலசீமியா போன்ற ரத்தநோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

வீட்டில் சுகர் இருக்கிறவர்களுக்கும் அரிசிதானா?

இருப்பைப் பொறுத்து அரிசிக்குப் பதில் கோதுமை கேட்டு வாங்கலாம், அதுவும் விலையில்லை. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 மே மாதம் முதல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. மற்ற மாவட்டங்களுக்கும் அது வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரிசி இலவசமாக வருவதால் மிச்சமாகிற பணம் முட்டைக்கும் கீரைக்கும் மீனுக்கும் போனால்தான் உடம்புக்குப் பிரயோசனம். 2022-23 நுகர்வோர் செலவு ஆய்வின்படி நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களின் செலவில் தானியத்தின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. 1999-2000இல் அது சுமார் 22 சதவீதம். மருத்துவச் செலவின் பங்கு இப்போது 7 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அரிசியைவிட ஆஸ்பத்திரிக்கும் மருந்துக் கடைக்கும் அதிகம் போகிறது என்று இதற்குப் பொருள்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை வீட்டுக் கணக்கில் சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். சத்துணவில் பள்ளி நாள்களில் முட்டை உண்டு. இரண்டு பிள்ளைகள், வாரம் ஐந்து, மாதம் நாற்பது முட்டை. முட்டை 6 ரூபாய் என்றால் அதுவே 240 ரூபாய். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல்.

எங்கள் தெருவில் பூ கட்டுகிற ஒரு அக்கா விடிகாலை நான்கு மணிக்குப் பூச்சந்தைக்குக் கிளம்புகிறார். முன்பெல்லாம் முந்தின நாள் பழையது, இல்லாவிட்டால் கடையில் 20 ரூபாய்க்கு இட்லி வாங்கித் தின்னச் சொல்லிச் சில்லறை வைத்துவிட்டுப் போவார். இப்போது அந்தச் சில்லறை டப்பா அலமாரியில் ஏறிவிட்டது. 2021இலேயே நகரப் பேருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாகிவிட்டதால் பஸ் செலவுக்கும் அது தேவைப்படவில்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் யார் சேரலாம்? எவ்வளவு கட்ட வேண்டும்?

நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம். பிரீமியம் அரசு கட்டுகிறது. 2022 ஜனவரியில் திட்டம் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டபோது அது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். அப்போதுதான் ஆண்டு வருமான வரம்பும் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆனது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு அட்டை மையத்துக்குப் போங்கள். நோய் வந்த பிறகு அலையாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள். அட்டை கைக்கு வர ஒரு நாள் கூலி போகும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வருமானம் மாதம் 12,000. எங்களுக்கு இல்லையா?

விதிப்படி பார்த்தால் ஆண்டுக்கு 1,44,000 ஆகிறது, வரம்பைத் தாண்டிவிட்டது. மாதம் 10,000 என்பது ஒரு வீட்டின் மொத்த வருமானம் என்று கணக்கிட்டால், இருவர் வேலைக்குப் போகிற எந்த வீடும் அதில் அடங்காது. இந்த இடம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. 9,000 வருமானமுள்ளவருக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு. 12,000 வருமானமுள்ளவருக்கு ஒன்றும் இல்லை. ரேஷன் போல எல்லோருக்கும் என்றில்லாமல் ஒரு கோடு கிழித்ததன் விளைவு இது. மகளிர் உரிமைத் தொகைக்கே குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் என்று வைத்தார்கள். காப்பீட்டுக்கும் குறைந்தது அந்த அளவுக்காவது வரம்பை உயர்த்த வேண்டும்.

கம்பெனியிலோ மில்லிலோ வேலை பார்த்தால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். படுக்கையில் சேராத வைத்தியம், மாத்திரை எல்லாம் அதில் அடக்கம், குடும்பத்துக்கும் உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் அட்டையை ஒரு நாளும் பயன்படுத்தாதவர்கள் ஏராளம்.

5 லட்சம் காப்பீடு இருந்தும் ஏன் கடன் வாங்குகிறார்கள்?

இதற்கு என் வீட்டு நோட்டையே காட்டுகிறேன். 2019இல் என் அப்பாவுக்கு மாரடைப்பு. அட்டை இருந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தச் சிகிச்சைக்கு உண்டான தொகை முழுவதும் காப்பீட்டில் முடிந்தது. அப்பா இன்றும் நன்றாக இருக்கிறார். அந்தத் திட்டத்துக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

நோட்டில் எழுதியிருப்பது இது. ஊரிலிருந்து கார் வாடகை 2,800. முதலில் ஓடிய கிளினிக்கில் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எக்கோ சேர்த்து 3,450. காப்பீட்டு அனுமதி வரும்வரை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வாங்கிய முன்பணம் 10,000. அதில் 6,000தான் திரும்பி வந்தது. தம்பி ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை, நாளுக்கு 700 வீதம் 6,300. கூட இருந்தவர்களுக்குச் சாப்பாடு, டீ 1,850. இதுவரை 18,400. வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை மாதம் 1,900 வீதம் மூன்று மாதத்துக்கு 5,700. ஆக மொத்தம் 24,100. குழுவில் 25,000 கடன் எடுத்தேன். காரணக் கட்டத்தில் "வைத்தியச் செலவு" என்று என் கையாலேயே எழுதினேன்.

திட்டம் சிகிச்சையைப் பார்க்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாள்களை வீடு பார்த்துக்கொள்கிறது. பஸ், கார், போன கூலி, வெளிநோயாளி சீட்டு, வெளியில் எடுத்த டெஸ்ட், பிந்தைய மாத்திரை, இவைதான் வட்டிக்கு வாங்க வைக்கின்றன. 2022இல் அறிவித்த பட்டியலில் 1,090 சிகிச்சைகளோடு 52 பரிசோதனைகளும் 8 தொடர் சிகிச்சைகளும் உண்டு. எனவே பெரிய ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் பணம் கட்டுவதற்கு முன் "இது காப்பீட்டில் வருமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு அன்று கேட்கத் தெரியவில்லை.

அந்த மாத மாத்திரையை மிச்சப்படுத்த வழி உண்டா?

உண்டு, இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசம். 1994இல் அமைத்த தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக மருந்து வாங்குவதால்தான் இது நடக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பதிந்துவைத்தவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார். என் அம்மாவுக்கு அப்படித்தான் வருகிறது. பழுப்பு உறையில் போட்டு, காலை, இரவு என்று பேனாவால் எழுதி, பி.பி.யும் பார்த்துவிட்டுப் போகிறார் எங்கள் பகுதித் தங்கச்சி.

அப்பாவின் மாத்திரைகளையும் நான்காம் மாதத்திலிருந்து ஜி.எச்.சுக்கு மாற்றிவிட்டோம். ஒரே ஒரு மாத்திரை மட்டும் வெளியில் வாங்குகிறோம், 340 ரூபாய். மாற்றும்போது டிஸ்சார்ஜ் சீட்டை டாக்டரிடம் காட்டி, மருந்தின் மூலப் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அங்கே கிடைக்காததற்கு மத்திய அரசுத் திட்டத்தில் மலிவு விலையில் மருந்து விற்கிற மக்கள் மருந்தகம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் பக்கத்தில் இருந்தால் விலை கேளுங்கள்.

ஜி.எச்.சில் எல்லாமே இலவசம்தானே, அங்கே எதற்குக் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள்?

உங்களிடம் பணம் பிடிக்க இல்லை. அந்தச் சிகிச்சைக்கான தொகையைக் காப்பீட்டிலிருந்து அரசு மருத்துவமனை வாங்கிக்கொள்கிறது, கருவி வாங்கவும் வார்டைச் சீர்செய்யவும் அது உதவுகிறது. தயங்காமல் கொடுங்கள். அட்டை இல்லை என்பதற்காக அங்கே சிகிச்சை மறுக்க மாட்டார்கள்.

காப்பீட்டில் சேர்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு பணம் கேட்டால்?

அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. முதலில் அங்கேயே உள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள். பிறகு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண். எதற்குப் பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். அப்பாவுக்காகக் கட்டிய முன்பணத்துக்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்தான் இருந்தது, அதனால் எதுவும் செய்ய முடியவில்லை.

ரோட்டில் அடிபட்டால்?

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லை. தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை. காப்பீட்டு அட்டை வேண்டாம், வருமான வரம்பு இல்லை, வெளிமாநிலத்தவருக்கும் உண்டு.

பிரசவத்துக்கு?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 பணமாக, 4,000 மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. கருவுற்றது தெரிந்ததும் 12 வாரத்துக்குள் கிராம செவிலியரிடம் பதிந்துவிடுங்கள். பணம் தவணை தவணையாகத்தான் வரும். பிரசவ நாளில் கையில் இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

தனியாக ஒரு மருத்துவ பாலிசி எடுப்பது தேவையா?

வரம்புக்கு மேலே இருந்து, ஈ.எஸ்.ஐ.யும் இல்லாத வீடாக இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். 2017-18 தேசிய மாதிரி ஆய்வில், பிரசவம் நீங்கலாக ஒருமுறை தனியார் மருத்துவமனையில் படுத்தெழுந்தால் சராசரிச் செலவு 31,845 ரூபாய், அரசு மருத்துவமனையில் 4,452. அந்த ஆய்வுக்குப் பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஏற்கெனவே உள்ள நோயைப் பாலிசி படிவத்தில் மறைக்காதீர்கள். அதைக் காட்டித்தான் பின்னால் பணம் தர மறுப்பார்கள்.

பாட்டிக்குக் கைரேகை விழவில்லை, கடைக்கு நடக்கவும் முடியவில்லை. பொருள் போய்விடுமா?

போகாது. வயலிலும் அடுப்பிலும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? கண் கருவிழிப் பதிவு வசதி உள்ள கடையில் அதைக் கேளுங்கள். வர முடியாதவர் என்றால் கடையில் படிவம் வாங்கி, வேறொருவரை வாங்கிவர நியமிக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு எந்த நாள் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்காத பொருளுக்கு வாங்கியதாகப் போனில் மெசேஜ் வந்தால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். அதற்கு முதலில் கார்டில் இருப்பது இப்போது கையில் இருக்கிற போன் நம்பர்தானா என்று பாருங்கள். எங்கள் குழுவில் சரிபார்த்தபோது பதினான்கு பேரில் ஐந்து பேருக்குப் பழைய நம்பர்தான் இருந்தது.